வஹீதாவுக்கு ஒரு கையெழுத்து

பள்ளி நூலகத்தில் அறுபது பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஷீராஸ் மட்டும், அழுகிய மீனைப் பக்கத்தில் வைத்ததுபோல மூக்கைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நூலகர் நஜெத்துக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ‘எழுத்தாளரை அறிவோம்’ என்று இந்த வருடம் அவள் நடத்தும் மூன்றாவது கூட்டம் இது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நாவல் எழுதுகிறவர்களில் இன்று எல்லோரும் பேசுவது ரௌதா ஃபுராத்தியைப் பற்றித்தான். அவளைத் தலைநகர் துனிஸிலிருந்து ஸ்ஃபாக்ஸுக்கு வரவழைக்க நஜெத் எட்டு மாதம் தொலைபேசியில் கெஞ்சியிருக்கிறாள்.

பின்வரிசைக்குப் போய்க் குனிந்தாள். “ஏய், என்னடி மூஞ்சி இது? வந்தவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?”

“குமட்டுது மேடம்.”

“காலையில என்னத்தைத் தின்ன?”

“ஒண்ணும் திங்கல. இதைப் படிச்சேன். ரெண்டு தடவை.” மடியில் கிடந்த ‘நாக்கில் ஒரு முடிச்சு’ என்ற புது நாவலை ஷீராஸ் விரல் நுனியால் தள்ளினாள்.

“பதினாலு வயசுல உனக்கு இவ்வளவு கொழுப்பா! வாந்தி வர்ற மாதிரி இருந்தா வெளியே போ. இல்லேன்னா மூஞ்சிய நேரா வச்சுக்கிட்டு உட்காரு.”

ஷீராஸ் போகவில்லை. மூஞ்சியையும் மாற்றவில்லை.

முன்னால் ரௌதா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஐந்தாம் அத்தியாயத்தை வாசிக்க ஆரம்பித்தாள். கதாநாயகி துனியாவுக்குத் திக்குவாய். கரும்பலகையில் எழுதிப்போட்ட செய்யுளைப் பார்த்து வாசிக்கச் சொல்லி ஆசிரியர் அவளை எழுப்புகிறார்.

“துனியா முதல் எழுத்திலேயே நின்றாள். வகுப்பு சிரித்தது. அவளுடைய காது மடல்கள் பின்பக்கம் வரை சிவந்தன. பின்கழுத்தில் ஒட்டியிருந்த சின்ன மயிர்கள் நடுங்கின. ரோஜா நிற மேலங்கியின் பின்னால் உள்ளங்கை அளவுக்கு ஈரம் தெரிந்தது. பிறகு அது கால்வழியே இறங்கிக் காலுறைக்குள் போயிற்று...”

முன்வரிசையில் ஒரு பெண் தேம்பினாள். தலைமையாசிரியர் மெஹ்ரெஸ் கைக்குட்டையை எடுத்தார். கண்ணால் கண்டதுபோல அல்லவா எழுதியிருக்கிறாள் என்று நஜெத்துக்கு மெய்சிலிர்த்தது.

“மேடம், இது நிஜமாவே நடந்ததா?” தேம்பிய பெண்தான் கேட்டாள்.

ரௌதா புத்தகத்தை மூடி நெஞ்சில் கையை வைத்தாள். “நடந்ததும்மா. இதே ஊர்ல, இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாடி. அந்தப் பொண்ணு நான்தான்.”

“இப்ப உங்களுக்குத் திக்கவே இல்லையே?”

“எழுதினேன். எழுத எழுத நாக்கு அவிழ்ந்துடுச்சு.”

“அப்படிச் சிரிச்சவங்க மேல கோபமே இல்லையா?”

ரௌதாவின் கண்கள் பளபளத்தன. “எதுக்கும்மா கோபம்? அவங்களும் சின்னப் பிள்ளைங்கதானே. எப்பவோ மன்னிச்சிட்டேன்.”

கைதட்டலில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மெஹ்ரெஸ் எழுந்து நின்று, அடுத்த மாதத்திலிருந்து எல்லா வகுப்பிலும் இந்த நாவலைச் சத்தமாக வாசிக்கப் போவதாக அறிவித்தார். “அஞ்சாம் அத்தியாயத்தை நாடகமாவே போட்டுடலாம்! யாரு துனியா? கையைத் தூக்குங்க பார்ப்போம்!”

இருபது கைகள் எழுந்தன. பின்வரிசையிலிருந்து “த்தூ” என்று ஒரு சத்தம் வந்தது. ஷீராஸ் கைக்குட்டைக்குள் துப்பிக்கொண்டிருந்தாள்.

இந்தச் சனியனின் வீட்டுக்கு இன்றைக்கே சொல்லி அனுப்ப வேண்டும் என்று நஜெத் பல்லைக் கடித்தாள்.

கையெழுத்து வாங்க வரிசை நின்றது. ரௌதா ஒவ்வொருவர் கன்னத்தையும் தட்டி, பெயர் கேட்டு, இரண்டு வரி எழுதிக் கொடுத்தாள். நஜெத் பக்கத்தில் நின்று மக்ரூத் இனிப்புத் தட்டை நகர்த்தி வைப்பதும் தேநீர் ஊற்றுவதுமாக இருந்தாள்.

கடைசியாக வந்தது ஷீராஸ். “மரியாதையா நடந்துக்க,” என்று நஜெத் அவள் காதோரம் சீறினாள்.

ஷீராஸ் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள்.

“பேரு என்னம்மா?”

“எனக்கு வேணாம். எங்கம்மா பேருக்குப் போடுங்க.”

“அட, அம்மாவும் படிக்கிறாங்களா! இதைவிட எனக்கு என்ன வேணும்? சொல்லு, அம்மா பேரு என்ன?”

“வஹீதா. வஹீதா தெரீக்கி.”

பேனா முதல் எழுத்தோடு நின்றது.

இரண்டு மணி நேரம் அருவிபோலப் பேசிய ரௌதா கண்ணாடியைக் கழற்றிவைத்தாள். “அம்மா... படிச்சிட்டாங்களா?”

“அஞ்சாம் அத்தியாயம் வரைக்கும். அதுக்கு மேல முடியலை. அட்டையில இருக்கிற உங்க பேரைச் சொல்லி முடிக்கவே அவங்களுக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு. அவங்களுக்கு இன்னும் திக்கும்.”

ரௌதாவுக்கு நீட்டிய தேநீரை நஜெத் மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ரௌதா நிமிரவில்லை. அவள் குரல் மேசையைத் தாண்டி வரவில்லை. “என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?”

“‘அந்தப் பொண்ணு நான். முதல்ல சிரிச்சது அவ’ன்னாங்க.”