லோவலின் வலது கை

டெக்சஸுக்கு முதலில் வந்த குவேக்கர் கிறிஸ்தவர்கள் நட்ட அத்தித் தோப்பை விற்று, கார் நிறுத்துமிடம் ஆக்க வேண்டுமாம். சபைத் தலைவன் லோவல் ஹாட்லி வீட்டுமனைத் தரகன், வேறெப்படி யோசிப்பான்? எங்கள் சபையில் ஓட்டெடுப்பு கிடையாது. ஒருவர் மறுத்தாலே காரியம் நின்றுவிடும். ஆனால் மறுக்க இங்கே யாருக்கு முதுகெலும்பு இருக்கிறது? எல்லோரும் பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார்கள். சபைக்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவள் என்பதால் எனக்கு அங்கே வாய் கிடையாது.

“யாருக்கும் மறுப்பு இல்லையே? அப்ப முடிஞ்சுது,” என்றான் லோவல்.

வழக்கப்படி பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்கிக் கூட்டத்தை முடித்தோம். தலைவன் பெஞ்சில் அவன் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தான். இருந்தும் பழக்கத்தில் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினான்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் அவன் எழவில்லை.

“என்ன லோவல், பெஞ்சோட ஒட்டிக்கிட்டியா?” என்றேன்.

“கையை விட மாட்டேங்கறாங்க.”

அவன் பக்கத்தில் யாரும் இல்லை. நீட்டிய கையில் மட்டும் அத்திப்பால் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது.

“தோப்பை விக்கலைன்னு சொல்லேன். நட்டவங்க விட்டுடுவாங்க.”

லோவல் யோசித்தான். அவன் விரல்நுனிகள் நீலம் பாரித்தன. இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான்.