ராணிக்கு ஒரு ஜோடி

"அவளை மாதிரியே இன்னொருத்தி வந்திருக்கா. இன்னிக்கே போய்க் கூட்டிட்டு வரலைன்னா வேற எவனாவது கொண்டுபோயிடுவான்," என்றார் பல் டாக்டர், கண்ணாடி முன் நின்று இருக்கிற நாலு முடியை வாரிக்கொண்டே.

மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "ஒருத்தி மூஞ்சியைப் பார்க்கவே உங்களுக்குப் பொழுது போதலை. ரெண்டு பேரை எங்கே வைப்பீங்க?"

"ஒரே பெட்டியில. பக்கத்துல பக்கத்துல."

"எனக்கும் அப்படி ஒரு பெட்டி பார்த்துடுங்க. வாரத்துல ஒரு தடவையாவது உங்க கண்ணுல படுவேன்."

அவள் என்பது ஒரு ரோமாபுரி ராணி. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வெள்ளிக் காசில் கொண்டையும் கோணல் வாயுமாக இருப்பாள். பல வருடங்களுக்கு முன்னால் கிளினிக் வருமானத்தையெல்லாம் வழித்துக் கொடுத்து வாங்கியது.

"கையால சுத்தி வெச்சு அடிச்ச காசுடி. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு அமையாது. அன்னிக்கு அடிச்சவன் கை எப்படிக் கோணுச்சோ, அப்படியே இவ வாயும் கோணிடுச்சு."

"புதுசா வந்தவளுக்கும் அதே கோணலா?"

"அதே கோணல்! உதட்டு மேல அதே வெட்டு! ஏலக்காரங்க போட்ட படத்துல பார்த்துட்டு ராத்திரி தூக்கமே வரலை. நாளைக்கு என் கை நடுங்க ஆரம்பிச்சா ராணியை வித்துத்தானே நமக்குச் சோறு? ஜோடியா வித்தா சோறு இல்லை, விருந்து!"

"பணம்?"

டாக்டர் சீப்பை ரொம்ப நிதானமாக மேஜையில் வைத்தார். "நாற்காலிக்கு எடுத்து வெச்சது இருக்கே."

கிளினிக் நாற்காலி பழையது. குறடு பல்லைப் பிடிக்கும் நேரம் பார்த்துத் தானாகக் கீழே இறங்கும்.

"ஆள் கீழே போறான், குறடு மேலே நிக்குது, பல்லு தானா வந்துடுது," என்றார் டாக்டர். "வெளியில அதைத்தான் என் கைராசிங்கறாங்க. நாற்காலியை மாத்தினா என் குட்டு உடைஞ்சுடும்."

மனைவி சிரிக்கவில்லை. "இதுதான் கடைசி. இதுலயும் ஏமாந்துட்டு வந்தீங்க, அந்த நாற்காலியில உங்களைத்தான் உட்கார வைப்பேன்."

ஏல மண்டபத்தில் பக்கத்து இருக்கையில், அவரைப் போலவே பழங்காசு சேர்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். எந்த ஏலத்திலும் டாக்டரை ஜெயிக்கவிடாத மனுஷன். போன மாதம் சேகரிப்பாளர் சங்கக் கூட்டத்தில் டாக்டரின் ராணியை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்து, டீயைக்கூடத் தொடாமல் எழுந்து போனவர். அப்பேர்ப்பட்ட பொறாமை!

"நீங்களா? இதுக்கா வந்திருக்கீங்க?" கண்ணாடிக் கடைக்காரர்தான் முதலில் பதறினார். "வெளியூர்க்காரங்கதான் போன்ல கேப்பாங்கன்னு சொன்னாங்களே."

"உள்ளூர் முட்டாளும் ஒருத்தன் இருக்கட்டுமே, சார்."

"டாக்டர், சொன்னாக் கேளுங்க. இது வேண்டாம். விட்டுடுங்க."

"விட்டா நீங்க எடுத்துக்கலாம்னா?"

"நான் கையே தூக்க மாட்டேன். சத்தியமா."

பூனை சைவமான கதையை டாக்டர் நம்பவில்லை. ஏலக்காரர் படத்தைத் திரையில் போட்டதும் எண் அட்டையைத் தூக்கினார். போனில் யாரோ ஏற்றினார்கள். டாக்டரும் ஏற்றினார். நாற்காலியின் கால் போயிற்று, கை போயிற்று, சாய்மானமும் போயிற்று.

கண்ணாடிக் கடைக்காரர் அவர் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். "போதும் டாக்டர்! பிடிவாதம் பண்ணாதீங்க!"

"பல்லையே விடாதவன், இதை விடுவேனா?" டாக்டர் அட்டையை இடது கைக்கு மாற்றித் தூக்கினார்.

போன் அடங்கியது.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..." ஏலக்காரர் மண்டபத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "மூணு தரம்!"

சுத்தியல் விழுந்தது. பின் வரிசையில் யாரோ கை தட்டினார்கள். டாக்டர் எழுந்து கும்பிடே போட்டுவிட்டார்.

பணத்தைக் கட்டிக் காசை வாங்கியதும், வராந்தா பெஞ்சில் கைக்குட்டையை விரித்தார். சட்டைப் பைக்குள்ளிருந்து பழைய ராணியை எடுத்துப் புதியவள் பக்கத்தில் வைத்தார். அதே கொண்டை. அதே கோணல். அதே வெட்டு.

"பாருங்க சார், அக்கா தங்கச்சி சேர்ந்துட்டாங்க!" என்றார் டாக்டர். "வாழ்க்கையில நான் ஜெயிச்சதே ரெண்டு தடவைதான். முதல் தடவை என் கல்யாணம். அதுவும் போட்டிக்கு ஆளே வராததால. இன்னிக்குத்தான் உங்களையே ஜெயிச்சிருக்கேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பாராட்டக் கூடாதா?"

கண்ணாடிக் கடைக்காரர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை.

"இதை ஏலத்துக்குக் கொடுத்ததே நான்தான், டாக்டர்."

"நீங்களா?" டாக்டர் திகைத்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, என்னைவிடப் பெரிய முட்டாளா இருக்கீங்களே! இப்படி ஒரு பொக்கிஷம் கையில இருக்கு, யாராவது விப்பாங்களா?"

"உங்களோடதைப் பார்த்த பிறகுதான் டாக்டர், என்னோடது போலின்னு தெரிஞ்சுது."