பொய் சொல்லாத மைக்ரோமீட்டர்

இந்த உலகத்தில் பொய்யே சொல்லாதது கனம் அளக்கும் மைக்ரோமீட்டர் ஒன்றுதான் என்று அல்சூர் பட்டறையில் ஓஸ்வால்ட் பிரகடனம் செய்கிறான். கோணல் பல்லை நிமிர்த்தக் கட்டும் எஃகு வளையம் அவன் விரல்நுனியில் மின்னுகிறது. ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் கன்னத்தைக் கிழித்துவிட்டு இரண்டு தடவை திரும்பி வந்த வளையம். இன்னொரு தடவை வந்தால் பல் டாக்டர் சீமைச் சரக்குக்கே போய்விடுவார். அவருடைய ஆள் வாசலில் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே இருக்கிறான். மெருகு போடும் பெண் பவுலின், ஒவ்வொரு வளையத்தையும் கழுவி நாக்கில் உரசிப் பார்க்கிறாள். “என்னம்மா, உப்பு சரியா இருக்கா?” என்கிறான் ஓஸ்வால்ட். “அளவெல்லாம் சரிதான் மாஸ்டர், ஓரம்தான் பிறாண்டுது.” “மயிரிழைகூடப் பிசகல!” மணி மறுபடி அடிக்கிறது. பவுலின் தண்ணீர் பிடிக்க வெளியே போகிறாள். ஓஸ்வால்ட் மைக்ரோமீட்டரைப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறான். வளையத்தோடு சுவர்ப்பக்கம் திரும்பி, நாக்கை நீட்டுகிறான்.