வெளிச்சப் படிகள்

ஊர் ஊராகப் போகும் இசை நாடகக் குழு அது. அக்கா பாடி நடிப்பாள். தங்கை புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்வாள். மேடையில் நிஜமான மரப்படிகள் நான்கே. அதற்கு மேல் கோபுரத்துக்குப் போகும் படிகள் எல்லாம் திரையில் விழும் வெளிச்சம். நான்காம் படி ஏறியதும் அக்கா திரைக்குப் பின்னால் நழுவிவிட வேண்டும்.

ஏழாவது ஊரிலிருந்து அக்கா நழுவுவதில்லை. நேராக ஏறிப் போகிறாள். பிறகு அதே படிகளில் இறங்கி வருகிறாள். முதல் தடவை இரண்டு நிமிடம் ஆனது. நேற்று பதினான்கு.

"எங்கக்கா போற?"

"மேலதான், வேற எங்க? நீ படத்தை மட்டும் நிறுத்திடாத."

இன்று பிற்பகல் ஒத்திகையில் அக்கா ஏறிய கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. புரொஜெக்டர் மட்டும் யூபிஎஸ்ஸில் ஓடியது. அரங்கின் எலக்ட்ரீஷியன் டார்ச்சோடு வந்தார்.

"கேபிள் கருகிடுச்சும்மா. ஒரு மணி நேரமாவது ஆகும். படத்தை அணைச்சிடு, காலி நாற்காலிக்கா காட்டப்போற?"

"அக்கா மேல இருக்காண்ணே."

அவர் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "இங்க சுவருதான் இருக்கு. விளையாடாதம்மா."

தங்கை திரையருகே ஓடிப் போய்த் தொண்டை கிழியக் கத்தினாள். "அக்கா, இறங்கு! இறங்கு!"

திரும்பி வந்து பார்த்தபோது யூபிஎஸ்ஸில் இன்னும் ஆறு நிமிடம்தான் மிச்சம் என்று காட்டியது. உயரத்தில் எங்கோ அக்கா அடுத்த சரணத்தை எடுத்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். காலடிச் சத்தம் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.