பேட்டரி தாங்குமா?

மூன்றாம் நாளாக மரியசூசை கடைப்படி ஏறியதுமே குப்புராஜுக்கு அலுப்புத் தட்டியது. இன்றைக்கும் அவன் கக்கத்தில் ஒரு பலகை.

சிங்கப்பூரிலிருந்து மைத்துனன் கொண்டுவந்த பேட்டரி டிரில், அவருடைய தருமபுரி இரும்புக்கடையில் ஒரு வருஷமாக விலைபோகாமல் கிடந்தது. அதைக் கேட்டு வந்த ஒரே ஆள் இவன்தான். விரட்டவும் மனசு வரவில்லை.

"நேத்தே ரெண்டு பேட்டரியும் தீர்ற வரைக்கும் ஓட்டிக் காட்டினேனேப்பா?"

"அது வேப்பம்பலகைங்க. இது புளி. நான் வேலை செய்யற எடத்துல கரண்ட் இல்லைங்க. பாதியில நின்னுட்டா யாரைப் போய்க் கேக்கறது?"

பலகை ஓரங்களில் வரிசையாகப் பென்சில் புள்ளிகள் இருந்தன.

"இது எதுக்கு?"

"ஓட்டை நேரா எறங்குதான்னு தெரியணும்ங்களே."

குப்புராஜ் பெருமூச்சோடு ஒவ்வொன்றாகத் துளைத்தார். அவர் கைதான் மரத்துப் போனது. பேட்டரி கடைசிப் புள்ளி வரை தாங்கியது.

"பார்த்துக்கிட்டியா? இப்பவாவது பில் போடட்டுமா?"

மரியசூசை சைக்கிளிலிருந்து ஒரு சாக்கை எடுத்து வந்தான். முந்தைய இரண்டு நாள் பலகைகளும் அதில் இருந்தன, கூடவே ஒரு கட்டு உருட்டுக் குச்சிகளும். குச்சிகளை ஓட்டைகளில் செருகித் தட்டினான்.

மேசைமேல் ஒரு தொட்டில் எழுந்து நின்றது.

"நம்பி வாங்கலாங்க," என்றான், தொட்டிலைத் தோளில் ஏற்றியபடி. "அடுத்த புள்ளைக்குக் கட்டாயம் வாங்கிக்கறேன்."