கடலுக்கு ஒரு நூல் பாவாடை

"பட்டுப் பாவாடை வோணாம்யா. உப்புத் தண்ணி பட்டா மொடமொடன்னு ஆயிடும். அந்த நூல் பாவாடைய எடுத்து வையி" என்றாள் வடிவு.

தகரப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, எதை வைப்பது எதை விடுவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தான் துலுக்கானம். பெட்டி கட்டுவதில் அவன் சுத்த மக்கு. கல்யாணமான வருஷத்திலிருந்து வடிவு சொல்லச் சொல்ல அவன் எடுத்து வைப்பான். அப்படித்தான் அவர்களுடைய கடல் பயணம் வருஷா வருஷம் நடந்துவந்தது.

"புதுசா கீதே! அளவு பார்த்தியா?"

"அளவு இன்னா பார்க்கிறது? அவ எங்க வளர்றா? பழசுல சாயம் போயிடுச்சு, அதான் புதுசு தச்சேன்."

"கொலுசு?"

"கழட்டி ஊட்லயே வச்சிடு. அலை வாங்கிகினு பூடும். மூக்குத்தி மட்டும் இருக்கட்டும். அது இல்லாட்டி அவ மூஞ்சிய பார்க்க முடியாது."

துலுக்கானம் சிரித்தான். துடைக்க இரண்டு துண்டு, சந்தனம், மஞ்சள், விசிறி, வழியில் சாப்பிடப் புளிச்சோறு என்று ஒவ்வொன்றாகப் பெட்டிப் பக்கம் வந்து சேர்ந்தது.

"தவலையில நல்ல தண்ணி எடுத்துக்கோ. கடல்லேந்து எழுந்ததும் ஊத்தி உடணும். உப்போட உட்டா கறுத்துப்பூடுவா."

வடிவுக்குப் பிள்ளை இல்லை. அந்தச் சின்னப் பாவாடையை மடித்து வைக்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

"நான் மொத மொதல்ல கடலைப் பார்த்தது ஞாபகம் கீதாய்யா? செம்பரம்பாக்கம் ஏரிதான் ஒலகத்துலயே பெரிய தண்ணின்னு நெனச்சிகினு வந்தேன். கடலைப் பார்த்ததும் வண்டிக்குப் பின்னால போயி ஒளிஞ்சேன்."

"எங்கப்பன் சிரியா சிரிச்சுதே."

"அவதான் கொஞ்சங்கூட பயப்படல. உங்கப்பன் கையில இருந்துகினே அலைக்குள்ள முழுகி எழுந்தா. மூஞ்சில அப்பிடி ஒரு சிரிப்பு. அதைப் பார்த்துட்டுத்தான் நானும் தண்ணியில காலை வச்சேன்."

மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்கு வண்டியில் கூட வந்தவர்களிலும் பாதிப் பேர் இல்லை. இருந்தும் அந்த விடியற்கால ஈரமணலை இப்போதுதான் மிதித்துவிட்டு வந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

"டேய் துலுக்கானம்!"

வாசலில் வீரராகவன் நின்றிருந்தார். ஊருக்குப் பெரியவர். கடலுக்குப் போகிற வில்வண்டியும் அவருடையதுதான்.

"பெட்டி கட்டுறீங்களா? நல்லா கீதுடா! சண்டையில சிங்கப்பூரே உழுந்துபோச்சு. குண்டுக்குப் பயந்து பட்டணத்துச் சனமெல்லாம் மூட்டை முடிச்சோட பூந்தமல்லி ரோட்டுல நம்ம பக்கம் ஓடியாறாங்க. நீங்க அவளைத் தூக்கிகினு கடலுக்குப் போறீங்களா?"

"வருஷா வருஷம் போறதுதானே நைனா" என்றாள் வடிவு.

"இந்த வருஷம் வோணாம். ஊர்ல பேசி முடிவு பண்ணிட்டோம்."

"அவளைக் கேட்டீங்களா?"

"கேட்டா மட்டும் வாயத் தொறந்து சொல்லப்போறாளா?"

வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வருஷம் பூரா அந்த இருட்டு அறையில அடைஞ்சு கெடக்குறா. கடல் காத்து அவ மேல படறது இந்த ஒரு நாள்தான். அதையும் புடுங்கிக்கலாமா நைனா?"

"எனக்கு மட்டும் ஆசை இல்லியா? கரையில நிக்கும்போது குண்டு உழுந்தா அவளை யாரு காப்பாத்துவா? அதைச் சொல்லு."

துலுக்கானம் பெட்டியைச் சாத்தினான்.

"நான் இருக்கேன் நைனா. வண்டி இல்லாங்காட்டி பரவால்ல. தோள்ல தூக்கிகினு நடந்தே போறேன். எங்களுக்கு இருக்கிறது அவ ஒருத்திதான்."

வீரராகவன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எக்கேடோ கெட்டுப் போங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

"அவ்ளோ தூரம் தூக்கிகினு நடப்பியா?" என்றாள் வடிவு.

"நடந்துதானே ஆவணும்?"

அவன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தபோது தெருவில் சலங்கைச் சத்தம் கேட்டது. காளைகளைப் பூட்டிக்கொண்டு வீரராகவனே வண்டி ஓட்டி வந்திருந்தார். உள்ளே புது வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்திருந்தது.

"மொறைக்காதடா. நானும் வரேன்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "குடை எடுத்துகினியா வடிவு? பகல்ல மணல் கொதிக்கும். அவ மொகம் வாடிப்பூடும்" என்றார்.

வடிவு சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பெட்டி வண்டியில் ஏறியது. துலுக்கானம் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, குனிந்து அந்த இருட்டு அறைக்குள் போனான். எண்ணெய் விளக்கைத் தூண்டிவிட்டான்.

நாளை மாசி மகம். கையில் சூலமும் காலடியில் அரக்கன் தலையுமாக, தலைமுறை தலைமுறையாக அந்த ஊருக்குக் காவல் இருந்த ஒன்றரை அடி ஐம்பொன் வேம்புலியம்மனை, தூங்குகிற பிள்ளையைப்போல் தோளில் சாய்த்துக்கொண்டு, வீட்டை ஒட்டிய கோவிலை விட்டு வெளியே வந்தான் பூசாரி துலுக்கானம்.