குரல் இல்லாத சிஸ்டம்

என் கணவரின் முதல் மனைவி மங்கை, இறந்தபின் நினைவும் குரலுமாகப் பதிவேற்றப்பட்டு, ஒரு வாடகை சர்வரில் இருந்தாள். தினமும் காலையில் அவர் அவளோடு பேசுவார். இருவரும் சிரிப்பது சமையலறைவரை கேட்கும்.

சர்வருக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போடவேண்டி வந்தது.

“இதெல்லாம் உன் வேலைதானே சுகுணா. நல்லதா ஒண்ணு நீயே போட்டுடேன்.”

குரல் வசதியே இல்லாத, எழுத்து மட்டும் வரும் சிஸ்டத்தைப் போட்டேன்.

“இதுதாங்க லேசு. பாதுகாப்பும் ஜாஸ்தி.”

“அப்போ அவகிட்ட எப்படிப் பேசுறது?”

“டைப் பண்ணுங்க. விரல் இருக்குல்ல?”

இப்போது அவர் ஆபீஸுக்குத் தாமதமாகக் கிளம்புகிறார். ஒற்றை விரலால் தட்டுகிறார். ஒரு சொல்லை அழித்துவிட்டு, அதைவிட நல்ல சொல்லாக யோசிக்கிறார்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. எனக்கு அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை.